மனசு வரலை

மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு யாரும் என் மாடிப்படி ஏறி வந்ததில்லை. அசதி என்று வருவார்கள். மண்டை கனக்குது, நெஞ்சுல ஏதோ அடைக்குது, ராத்திரி மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது, உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். உள்ளே சர்க்கரை, தைராய்டு, இ.சி.ஜி. முடிவுகள். எல்லாம் நார்மல். அந்த நார்மல்தான் அவர்களை உடைத்திருக்கும். உடம்பில் ஒன்றும் இல்லையென்றால் நான் சும்மா சோம்பேறித்தனம் பண்ணுகிறேன் என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்து உட்காருவார்கள்.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே என் அறை. அடுத்த கதவு டியூஷன் சென்டர். அது வருகிறவர்களுக்கு ஒரு வசதி. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் பிள்ளைக்கு டியூஷன் விசாரிக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். என்னை டாக்டரம்மா என்றே கூப்பிடுகிறார்கள். நான் உளவியலாளர், மாத்திரை எழுத மாட்டேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். "அப்ப என்னம்மா பண்ணுவீங்க, பேசுவீங்களா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கான பதிலைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதில் வருகிற எவரும் ஒரு தனி ஆள் இல்லை. பல வருடங்களில் வந்த பலரைச் சேர்த்து, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் தகராறு. பத்திரிகைகளும் டிவியும் எதற்கெடுத்தாலும் 'மன அழுத்தம்' என்கின்றன. இ.எம்.ஐ. தேதி, கம்பெனி டார்கெட், பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை இவையெல்லாம் தருவது அழுத்தம். பாரம் இறங்கினால் மூச்சு திரும்பும். மனச்சோர்வில் பாரம் இறங்கிய பிறகும் ஆள் எழுந்திருப்பதில்லை. மகள் கல்யாணத்தை நல்லபடியாக முடித்துவிட்டு மறுமாதம் படுக்கையில் விழுந்த திருமுல்லைவாயில் அம்மாக்களை எனக்குத் தெரியும். "எல்லாம் நல்லாத்தானே நடந்துச்சு, இப்ப என்ன கேடு?" என்று வீடே கேட்கும். இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், எதிலும் விருப்பமில்லாமல் மனம் விழுந்து கிடந்தால், கூடவே தூக்கம், பசி, கவனம், தன்மீதான மதிப்பு எல்லாம் குலைந்தால், அதை நோய் என்று எடுத்துக்கொண்டுதான் நான் வேலையைத் தொடங்குகிறேன். ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு. உலகம் முழுக்கப் புழங்குகிற தாள். அதை நிரப்பச் சொல்வேன். ஆனால் அதற்கு முன்பே காதில் விழுகிற வாக்கியம் ஒன்று இருக்கிறது.

"மனசு வரலை."

குளிக்க மனசு வரலை. போனை எடுக்க மனசு வரலை. சட்டியில் குழம்பு இருக்கு, தட்டில் போட்டுக்க மனசு வரலை. நம் மொழியில் மனசு ஒரு விருந்தாளி மாதிரி. அது வந்தால்தான் காரியம் நடக்கும். நன்றாக இருக்கும் நாட்களில் இந்த ஏற்பாடு சரியாகவே ஓடுகிறது. மனச்சோர்வில் அந்த விருந்தாளி வருவதில்லை. ஆள் வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறார். காத்திருக்கக் காத்திருக்கச் செய்கிற காரியங்கள் குறைகின்றன, காரியங்கள் குறையக் குறைய மனசுக்கு வர ஒரு காரணமும் இல்லாமல் போகிறது. அமெரிக்காவில் பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் 1970களில் இந்தச் சுழலைக் கவனித்து, சிகிச்சையை மறுமுனையிலிருந்து தொடங்கினார். மனசுக்குக் காத்திருக்காமல் செய், சின்னதாகச் செய், மனசு பின்னால் வரும். இதை பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்கிறார்கள். ஆரன் பெக் வகுத்த எண்ணங்களைத் திருத்தும் சிகிச்சையை 1996இல் நீல் ஜேக்கப்சன் குழு பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தபோது, இந்தச் செயல் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்கு ஈடான பலன் தந்தது.

படித்தபோது எளிதாக இருந்தது. செய்தபோது தவறினேன். தொழிலுக்கு வந்த புதிதில், பூந்தமல்லி குமணன்சாவடிப் பக்கமிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். இரண்டு கைக்குழந்தைகள், ஒற்றை அறை வாடகை வீடு, மாமியார். தினமும் அரை மணி நேரம் நடங்க, பிடிச்ச பாட்டு கேளுங்க என்று எழுதிக் கொடுத்தேன். "சரிங்கக்கா" என்றாள். அடுத்த வாரம் தரையைப் பார்த்தபடி, "முடியலைங்கக்கா" என்றாள். நான் அதையே மறுபடி சொன்னேன். மூன்றாவது வாரம் வரவில்லை. ஒத்துழைப்பு இல்லை என்று குறிப்பில் எழுதினேன். அந்த வரியை நினைத்தால் இன்றும் கூசுகிறது. லாரி ஓடுகிற, நடைபாதை இல்லாத சாலையில் அவள் எங்கே நடப்பாள்? குழந்தைகளை யார் பிடிப்பார்கள்? செருப்பை மாட்டினால் "எங்க கிளம்பிட்டே?" என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வாள்? தோற்றுப்போனதாக ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்தவளுக்கு, தோற்க இன்னொரு பாடத்தை நான் கொடுத்தனுப்பினேன். மனச்சோர்வில் இருக்கிறவர் சொல்லும் 'சரி' சம்மதம் ஆகாது. மறுப்பதற்குத் தெம்பில்லாமல் சொல்லும் சொல் அது.

அதற்குப் பல வருடம் கழித்து வந்தவர் ஒரு சி.என்.சி. ஆபரேட்டர். நாற்பத்தேழு வயது. 1964இல் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட்டில், ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் இருபது வருட வேலை. வீடு ஆவடியில். மனைவிதான் கூட்டி வந்தார். ஷிஃப்ட் முடிந்ததும் இவர் டன்லப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிடுவாராம். டன்லப் தொழிற்சாலை மூடிப் பல காலம் ஆயிற்று, ஸ்டாப்புக்கு மட்டும் பெயர் மிச்சம். ஆவடி வண்டி வரும், போகும், அடுத்தது வரும், போகும். வீடு சேர ஒன்பது, பத்து மணி. குடிக்கிறாரோ என்று மனைவி பக்கத்தில் போய் மோந்து பார்த்திருக்கிறார். வாசனை இல்லை. "குடிச்சிருந்தாக்கூடப் பரவால்லன்னு தோணுச்சும்மா" என்றார். அவரோ என்னைப் பார்க்காமல், "ஏறணும்னு தெரியும் மேடம். ஏற மனசு வரலை" என்றார்.

முதல் சந்திப்பிலேயே சாவைப் பற்றிக் கேட்டுவிடுவேன். சுற்றி வளைக்க மாட்டேன். "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" கேட்டால் இல்லாத நினைப்பை விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு. அது தவறு. கேட்கிற ஆள் கிடைத்ததே பலருக்கு முதல் ஆறுதல். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தூங்கி எந்திரிக்காம போயிட்டா நல்லாருக்கும்னு தோணும்" என்றார். மனைவி அன்றுதான் அதைக் கேட்டார். யாரிடம் சொல்வது, ராத்திரியில் தோன்றினால் என்ன செய்வது, வீட்டில் எதையெல்லாம் கைக்கெட்டாமல் வைப்பது என்று மூவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். அதில் 14416 என்ற எண்ணும் இருந்தது. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் உதவி எண், தமிழிலும் பேசலாம். சென்னையில் 1986இலிருந்து சினேகா அமைப்பு தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்குகிறது என்பதையும் சொன்னேன். இந்த வரிகளைப் படிக்கிற யாருக்காவது அந்த நினைப்பு இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அன்றே மனநல மருத்துவரையும் பார்க்கச் சொன்னேன். "கீழ்ப்பாக்கம் கேஸா மேடம் நான்?" என்று கேட்டார். நம் சினிமா செய்த கெடுதல்களில் இது ஒன்று. 1794இல் வேர்விட்ட ஒரு மனநல மருத்துவமனையின் பெயரை, இலவசமாக மருந்து தருகிற இடத்தின் பெயரை, வசவாக்கி வைத்திருக்கிறோம். நோய் கடுமையாக இருக்கும்போது பலருக்குப் பேச்சு மட்டும் போதாது. மாத்திரையும் பேச்சும் சேர்ந்தால் நல்ல பிடி கிடைக்கும். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பத்தாம் நாளே நிறுத்திவிடுவார்கள்.

இரண்டாம் முறை வந்தபோது, நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல." முந்தாநாள்? "ஒண்ணுமில்ல." வேறு வழி தெரியாமல், மெஷின் நின்றுபோனால் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை மணிக்கு நின்னுச்சு, என்ன ஜாப் ஓடுச்சு, எவ்வளவு நேரம் நின்னுச்சு என்று லாக்புக் வரிசையைச் சொன்னார். அதையே உங்களுக்கு எழுதுங்கள், கூடவே மனசுக்குப் பத்துக்கு எத்தனை என்று ஓர் எண் போடுங்கள் என்றேன்.

நீளமான நோட்டு ஒன்று வந்தது. கோடு போட்டு, அச்சு மாதிரிக் கையெழுத்து. எப்போதும் பூஜ்யம்தான் என்று சொன்னவரின் நோட்டில் வியாழன் மாலை நான்கு மணிக்கு 4 இருந்தது. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு டூல் ஆஃப்செட் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஞாயிறு முழுக்கப் படுத்திருந்தார், முழுக்க 1. அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பவும் இப்படித்தான் இருக்குன்னு நெனச்சேன் மேடம்." நான் ஒரு மணி நேரம் வாதாடியிருந்தாலும் இது நடந்திருக்காது. அவர் எழுத்தே அவருக்குச் சாட்சி ஆயிற்று.

மூன்றாம் சந்திப்பில் வேலையின் அளவைப் பேசினோம். குமணன்சாவடிப் பெண் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அங்கே உதவியது. எதைச் செய்வது என்பதைவிட எவ்வளவு சிறியதாகச் செய்வது என்பதில்தான் இந்தத் தொழிலின் நுணுக்கமே இருக்கிறது. முதல் பஸ்ஸில் ஏறச் சொல்லவில்லை. முதல் வண்டி போகட்டும், இரண்டாவதில் ஏறுங்கள் என்றேன். "மனசு வராட்டியும் ஏறணுமா?" "ஏறணும்." கொஞ்ச நேரம் யோசித்தார். காலையில் மெஷினைப் போட்டவுடன் ஜாப் ஏற்ற மாட்டார்களாம். ஸ்பிண்டில் கொஞ்ச நேரம் சும்மா சுற்றிச் சூடேறினால்தான் அளவு சரியாக வருமாம். "அந்த மாதிரியா?" என்று கேட்டார். அதைவிட நன்றாக நான் யாருக்கும் விளக்கியதில்லை. பிறகு வந்த பலருக்கு அதைக் கடன் வாங்கிச் சொல்லியிருக்கிறேன்.

மனைவியிடமும் ஒரு வேலை இருந்தது. பாவம், அவர் அன்பால் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். கரண்ட் பில், ரேஷன், பால் பாக்கெட், வண்டி துடைப்பது வரை. "ஒரு துரும்பக்கூட எடுக்க விடறதில்லம்மா." அந்த அன்பு வீட்டில் கணவருக்கு இடமில்லாமல் செய்திருந்தது. 'நான் பாரம்' என்ற நினைப்புக்குத் தினமும் தீனி கிடைத்தது. காலையில் ஆவின் பால் வாங்குவதை மட்டும் அவரிடம் திருப்பிக் கொடுங்கள் என்றேன். இரண்டு நாள் மறந்தார். மூன்றாம் நாளிலிருந்து பால் வந்தது.

ஐந்தாம் வாரம் நைட் ஷிஃப்ட் விழுந்தது. நோட்டு வெறுமையாக வந்தது. தூக்கம் குலைந்தால் மனம் குலைவது தெரிந்த விஷயம். ஷிஃப்டையும் சம்பளத்தையும் வெறும் 'எண்ணங்கள்' என்று நினைத்துத் திருத்தப் பார்க்கிற சிகிச்சையில் எனக்கு நம்பிக்கை இல்லை. மருத்துவர் கொடுத்த கடிதத்தோடு போய்க் கேட்டதில், ஒரு மாதம் நைட் போடாமல் விட்டார்கள். அந்தச் சலுகை எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டுமா என்று கேட்டால், முழுக்க வேண்டியதில்லை என்றே கோவாவில் நடந்த ஆய்வு சொல்கிறது. விக்ரம் படேலும் சங்காத் அமைப்பினரும் ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வில் இருந்த 495 பேரை வைத்துச் செய்தது. மனநலப் படிப்பில்லாத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து, ஆறிலிருந்து எட்டு சந்திப்புகளில் இதே செயல்வழிச் சிகிச்சையைக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். ஜிம்பாப்வேயில் பாட்டிமார்கள் மர பெஞ்சில் உட்கார்ந்து இதுபோல ஆலோசனை சொல்கிறார்கள். அங்கே ஷோனா மொழியில் இந்த நோய்க்கு 'குஃபுங்கிசிசா' என்று பெயர். அதிகமாக யோசிப்பது என்று பொருள். "யோசனை ஜாஸ்தியா இருக்கும்மா" என்று என் அறையில் தினமும் கேட்கிற வாக்கியம்தான் அது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இப்படிப் பயிற்சி பெற்ற ஒருவராவது உட்கார வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் மாடிப்படி ஏற முடியாதவர்கள்தான் ஏறுகிறவர்களைவிட அதிகம்.

எட்டாவது சந்திப்பில் ஆபரேட்டர் முழுக்கச் சரியாகியிருக்கவில்லை. நோட்டில் 5, 6 என்று இருந்தது. நடுநடுவே 2 வந்தது. மாத்திரை தொடர்ந்தது. இது திரும்பி வரக்கூடிய நோய் என்பதை மறைக்காமல் சொன்னேன். திரும்பினால் முதலில் எப்படித் தெரியும் என்று அவரையே எழுதச் சொன்னேன். வெகுநேரம் யோசித்து மூன்று வரி எழுதினார். பையனிடம் எரிந்து விழுவேன். பால் வாங்க மறப்பேன். டன்லப்பில் மூணு வண்டியை விடுவேன். கீழே, யார் கவனிக்க வேண்டும் என்ற இடத்தில் மனைவி பெயரை எழுதித் தாளை அவரிடம் நீட்டினார். அந்த அம்மா வாங்கி ஒருமுறை படித்தார். நான்காக மடித்து, ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டார்.