தெரியாததைத் தேடுவோம்

கணக்கு என்றவுடன் காய்ச்சல் வருபவர்கள் நம்மில் பலர் உண்டு. அதிலும் எண்களுக்கு நடுவே ‘எக்ஸ்’ என்ற எழுத்து வந்து உட்கார்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்! இந்த அச்சத்தைப் போக்கும் பணி, மேல் வகுப்பு மாணவியரான எங்களுக்கு இவ்வாண்டு கிடைத்தது. ஏழாம் வகுப்புத் தங்கைகளுக்கு மாலை வேளைகளில் எளிய சமன்பாடுகளில் பயிற்சி அளித்தோம்.

முதல் நாள், “எக்ஸின் மூன்று மடங்குடன் 5 கூட்டினால் 20. எக்ஸ் எவ்வளவு?” என்று கேட்டோம். “ஐந்தை அந்தப் பக்கம் கொண்டு போனால் குறி மாறும் அக்கா!” என்று ஒரே குரலில் ஒப்பித்தனர். “ஏன் மாறும்?” என்றோம். வகுப்பறை அமைதியாகிவிட்டது.

உடனே கரும்பலகையில் ஒரு தராசு வரைந்தோம். இடத் தட்டில் ஒரே அளவு கோலிக்குண்டுகள் அடங்கிய மூன்று பைகளும், ஐந்து தனிக் குண்டுகளும். வலத் தட்டில் இருபது குண்டுகள். பையின் எடையை விட்டுவிடுவோம். இரு தட்டிலிருந்தும் ஐந்து ஐந்தாக எடுத்தால் தராசு சாயாது. மூன்று பைகளுக்குப் பதினைந்து. ஒரு பைக்கு ஐந்து! குறி தானாக மாறுவதில்லை. இருபுறமும் ஒன்றையே செய்கிறோம் என்பது விளங்கியது. ‘சமம்’ என்பதற்கு இரண்டு இணைகோடுகளை 1557-ஆம் ஆண்டு ராபர்ட் ரெக்கார்டு என்பவர் அமைத்தார். இரு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறில்லை என்று அவர் கருதினார்.

ஒரு தங்கைக்கு மட்டும் மனம் ஒட்டவில்லை. “எனக்குக் கணக்கு வராது அக்கா. அம்மாவைப் போல நானும் பீங்கான் வேலைக்குத்தான் போவேன். எனக்கு எதற்கு எக்ஸ்?” என்றாள். நம் விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர் அல்லவா? அந்த வேலையைப் பற்றியே சொல்லச் சொன்னோம். களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். ஆகவே அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று அழகாக விளக்கினாள்.

“சரி, மண் பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்று வைத்துக்கொள்வோம். 9 செ.மீ. உயரக் கோப்பைக்கு அச்சின் உயரம் எவ்வளவு?” என்றோம். “9.9!” என்று பலர் கூவினர். அவளோ தாளில் போட்டுப் பார்த்தாள். 9.9-இல் பத்தில் ஒரு பங்கு 0.99, கழித்தால் 8.91. கோப்பை குட்டையாகிவிடும்! “சுருங்குவது அச்சின் அளவில்தானே அக்கா, கோப்பையின் அளவில் இல்லையே!” என்றவள், எக்ஸிலிருந்து அதன் பத்தில் ஒரு பங்கு போனால் 9 என்று எழுதினாள். பத்தில் ஒன்பது பங்கு 9 என்றால் ஒரு பங்கு 1. அச்சு 10 செ.மீ. வகுப்பே கைதட்டியது.

கணக்கு ‘வராத’ பிள்ளை என்று எவரும் இல்லை என்பதை அன்று உணர்ந்தோம். தனக்குத் தெரிந்த பொருளில் கணக்கைக் கண்டால் எவருக்கும் அது வரும். விடையைச் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்க்கும் பழக்கம் இருந்தால், பிறரைக் கேட்காமலே தம் விடை சரியா என்று அறியலாம்.

இத்தாலியில் மரியா ஆக்னேசி என்ற பெண்மணி, இயற்கணிதம் முதல் நுண்கணிதம் வரை விளக்கும் பெரிய நூலை 1748-ஆம் ஆண்டு வெளியிட்டார். பின்னாளில் ஏழைகளுக்குப் பணி செய்வதிலேயே தம் வாழ்நாளைக் கழித்தார். கணக்கும் கருணையும் ஓர் உள்ளத்தில் சேர்ந்தே வாழும்!

எனவே தங்கையரே, எக்ஸைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது இன்னும் நமக்குத் தெரியாத ஓர் எண், அவ்வளவே. நாளுக்கு ஐந்து கணக்குகள் போடுங்கள், ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். வேலைக்குச் சென்றாலும், மேலே படித்தாலும், அச்சின் அளவைத் தீர்மானிப்பவர்களாக விளங்குங்கள்!