வல்லை வெளியில் மட்டும் குளிரும் கார்

கிழமைக்கு இரண்டு நாள் அப்பாவை டயாலிசிஸுக்கு யாழ்ப்பாணம் கொண்டுபோகிறோம். பருத்தித்துறையிலிருந்து முப்பது கிலோமீற்றர் சொச்சம். காலமை போனால் மெசினில் நாலு மணித்தியாலம், திரும்பி வெளிக்கிட மத்தியானம் ஆகிவிடும். எங்களில் யாருக்கு வேலை இல்லையோ அவர் ஓடுவார், மற்றவர் பின்னுக்கு அப்பாவோடு இருப்பார்.

சித்திரை மாதம் காரின் ஏ.சி. சூடாக ஊதத் தொடங்கியது. வேறு வீடென்றால் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போயிருப்பார்கள். எங்களுக்கு அது சரிவரவில்லை. அப்பாவுக்குத் தண்ணீர் அளந்துதான் குடுக்கவேணும், ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல். வேர்த்தால் விடாய்க்கும், விடாய்த்தால் குடிக்கக் கேட்பார். குடித்தால் அது வெளியில் போக வழியில்லை, உடம்பிலேயே நிற்கும். ஒரு நாள் நிறை பார்த்த நேர்ஸ், "ரெண்டு நாளில மூண்டு கிலோ ஏறியிருக்கு, தண்ணி குடிச்சனீங்களோ ஐயா?" என்று கேட்டா. அப்பா எங்களைப் பார்த்தார். நாங்கள் நிலத்தைப் பார்த்தோம்.

முதலில் போன ஏ.சி. கடையில் பொனட்டைத் திறந்து ஒரு மீற்றரைக் கொழுவிப் பார்த்துவிட்டு, "காஸ் குறைஞ்சிட்டுது" என்றார்கள். காஸ் அடித்தார்கள், 9,000 ரூபா. அந்த காஸ் எங்கே போனது, எங்காவது ஒழுகுதா என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. (ஏ.சி. மூடிய குழாய்க்குள் ஓடுவது. காஸ் உண்மையாகவே குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கவேணும் என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.) ஐந்தாம் நாள் திரும்பப் போனோம். இன்னும் கொஞ்சம் அடித்தார்கள், 6,000. அதற்குப் பிறகு முந்தியிலும் மோசம்.

இதற்கிடையில் அப்பா பின் சீற்றிலிருந்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "பிள்ளையள், வல்லை வெளியில குளிருது. நெல்லியடிச் சந்தியில நிண்டா சூடு. திரும்ப ஓடினா குளிருது." நாங்கள் காதில் போடவில்லை. வல்லையில் எப்பவும் காற்றுத்தானே, அதால் அப்படித் தெரியுது என்று நினைத்தோம். வருத்தக்காரர் சொல்வதை அரைக் காதால் கேட்கிற பழக்கம் எங்களுக்கும் வந்துவிட்டிருந்தது.

காரை மாற்றலாம் என்ற கதை எடுபடாது. 2020இல் வாகன இறக்குமதி நின்றதோடு பழைய காருக்கும் தங்க விலையாகியிருந்தது. பேசாமல் நெல்லியடிப் பக்கம் ஒரு வயசான மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் பொனட்டைத் திறக்கமுதல், "எப்ப குளிருது, எப்ப குளிரேல்லை?" என்று கேட்டார். நாங்கள் முழித்தோம். அப்பா பின்னுக்கிருந்து வல்லை வெளிக் கதையைச் சொன்னார். "அண்ணை, பாதி வேலையை நீங்களே முடிச்சுப்போட்டியள்" என்றார் அவர்.

பிறகு நீலம், சிவப்பு என்று இரண்டு மீற்றரையும் கொழுவி இஞ்சினை ஓடவிட்டார். கார் நின்ற இடத்திலேயே நிற்க, சிவப்பு ஏறிக்கொண்டே போய் 350 பிஎஸ்ஐயையும் தாண்டியது. சற்று நேரத்தில் 'டக்' என்று கொம்பிரசர் தானாக நின்றது. ஒரு வாளி தண்ணீர் எடுத்து காரின் முன்பக்கம், றேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கொண்டென்சரில் ஊற்றினார். முள் மளமளவென்று இறங்கியது. கொம்பிரசர் திரும்பப் பிடிக்க, உள்ளே குளிர்காற்று வந்தது. "ஆ, வருது" என்றார் அப்பா.

விசயம் இவ்வளவுதான். ஏ.சி. உள்ளிருக்கிற சூட்டைக் காவிக்கொண்டுபோய் கொண்டென்சரால் வெளியில் விடுகிறது. ஓடும்போது எதிர்க்காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோகும். நிற்கும்போது அதற்கென்று இருக்கிற மின்விசிறிதான் இழுக்கவேணும். எங்கள் விசிறி சுற்றவில்லை. பக்கத்தில் றேடியேட்டருக்கு இன்னொரு விசிறி இருந்ததால் இஞ்சின் சூடேறவில்லை, எங்களுக்குச் சந்தேகமும் வரவில்லை. அவர் பற்றறியிலிருந்து நேரே வயர் குடுத்தார். அசையவில்லை. ஸ்குறூ டிறைவர் பிடியால் மோட்டரில் ஒரு தட்டுத் தட்ட, சுற்றியது. உள்ளே காபன் தேய்ந்து முடிந்திருந்தது. பழைய சாமான் கடையில் ஒரு மோட்டர் 8,500க்கு எடுத்துப் போட்டோம்.

காஸும் பிழை. பொனட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த லேபிளில் 500 கிராம் என்று தெளிவாக இருந்தது. அதற்குமேல் திணித்தால் அழுத்தம் கூடிக் குளிர் குறையும். அவர் எல்லாவற்றையும் ஒரு சிலிண்டருக்குள் எடுத்து, அரை மணித்தியாலம் வெற்றிடம் பிடித்து, தராசில் நிறுத்துத் திரும்ப விட்டார். சிலபேர் இதைப் புஸ்ஸென்று காற்றில் திறந்துவிடுவார்கள். ஆர் 134ஏ ஓசோனுக்குக் கெடுதல் இல்லைத்தான். ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். எங்கள் கார் குளிர ஊர் வேகவேணுமோ?

முதல் கடைக்குப் போய்ச் சண்டை பிடிக்கலாம் என்று எங்களில் ஒருவர் நின்றார். போகவில்லை. 15,000 ரூபாவைவிட, அப்பா மூன்று கிழமையாகச் சொன்னதை நாங்கள் கேட்காததுதான் உறுத்தியது. அதை அவர் ஒருக்காலும் சொல்லிக்காட்டவில்லை.

இப்ப நெல்லியடிச் சந்தியில் கார் நிற்கும்போதெல்லாம் அப்பா கதைத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு முன்பக்கம் காது குடுப்பார். விசிறி சுற்றுகிற சத்தம் கேட்ட பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.