கார் தண்ணி குடிக்குது

யாழ்ப்பாணத்தில் பழைய கார் உள்ள வீட்டை அறிய அந்தக் காரின் டிக்கியைத் திறந்து பார்த்தால் போதும். அதுக்குள்ள ஒரு ஐந்து லீற்றர் தண்ணிப் போத்தல் கிடக்கும். ஆக்கள் குடிக்கிறதுக்கில்லை, காருக்கு. காலமை வெளிக்கிட முதல் பொனற்றைத் தூக்கி, றேடியேற்றர் மூடியைத் திறந்து, விளிம்புமட்டும் தண்ணி விட்டு மூடுவது எங்கட அப்பாமாருக்கு விபூதி பூசுற மாதிரி ஒரு வேலை. ஏன் ஒவ்வொரு நாளும் விடவேண்டிக் கிடக்கு என்று கேட்டால், "பழைய கார்தானே, தண்ணி குடிக்கும்" என்பார்கள்.

கார் தண்ணி குடிக்காது. எஞ்சினைச் சுற்றி ஓடி, சூட்டை வாங்கி, றேடியேற்றரில் இறக்கிவிட்டுத் திரும்பி வரும் அந்தத் தண்ணி ஒரு மூடிய சுற்றுக்குள் ஓடுவது. சூடாகி விரியும்போது கொஞ்சம் பக்கத்தில் இருக்கிற பிளாஸ்ரிக் தாங்கிக்குள் போகும்; ஆறினதும் அதுவே திரும்ப உறிஞ்சப்பட்டு வந்துவிடும். ஒழுங்காக இருக்கிற ஒரு காரில் மாதக்கணக்காக ஒரு கோப்பை அளவுகூடக் குறையக் கூடாது. ஒவ்வொரு நாளும் குறையுது என்றால் அது எங்கேயோ போய்க்கொண்டிருக்குது. எங்கே என்று தேடுவதை விட்டுப்போட்டு விடியவிடிய நிரப்பிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

இதைப் பகிடி பண்ண எங்களுக்கு மனமில்லை. 90களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டில் ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சின் பிடிக்கிறதுக்கு மட்டும் சொட்டுப் பெற்றோல். பெற்றோல் தாங்கியில் ஓட்டை என்றால் சவுக்காரம் அப்புவார்களாம். றேடியேற்றர் ஒழுகினால் உள்ளுக்கு மஞ்சள்தூள், இல்லாவிட்டால் முட்டை வெள்ளைக்கரு. சூட்டில் அது திரண்டு போய் ஓட்டையை அடைக்கும். பாட்ஸ் வராது என்று தெரிந்த சனம் வேற என்னத்தைச் செய்யும்? பிரச்சினை என்னவென்றால், பாட்ஸ் வரத் தொடங்கி இருபது வருசம் தாண்டியும் அந்தக் கைவைத்தியம் போகவில்லை. மஞ்சள்தூள் ஓட்டையை மட்டும் அடைக்காது. றேடியேற்றரின் நெருக்கமான குழாய்களையும் அடைக்கும். இப்ப போத்தலில் விற்கிற ஒழுக்கு அடைக்கும் மருந்துகளும் அந்த மஞ்சள்தூளின் வெள்ளைச்சட்டை போட்ட உறவுக்காரர்தான் என்பது எங்கட எண்ணம். நடுவழியில் வீடு வந்து சேர உதவும். அதையே வைத்தியம் என்று நம்பக் கூடாது.

எங்கட வீட்டில் நிற்பது 1996ஆம் ஆண்டுக் கொறோலா 110. அப்பாவின் சேமலாப நிதிக் காசில் வந்தது. எங்களில் சிலருக்கு வயது அதைவிடக் குறைவு. சரியில்லை என்றால் வித்துப்போட்டு வேற எடுக்கலாமே என்று வெளிநாட்டிலிருந்து வாற மாமாமார் லேசாகச் சொல்லுவினம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிப்பாட்டப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்துவிட்டார்கள். இடையிலிருந்த அந்த ஐந்து வருசத்தில் பழைய கார்களின் விலை ஏறின ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். திறந்த பிறகும் வரியோடு பார்த்தால் எங்கட வீட்டுக் கணக்குக்கு அது எட்டாது. ஆனபடியால் இந்தக் கார் போனால் அடுத்த கார் இல்லை. பஸ்தான்.

போன வருசம் அம்மாவுக்குக் கொழும்பில் கண் சத்திரசிகிச்சை. முடித்துக்கொண்டு ஏ9 வழியாகத் திரும்பி வரும்போது, மாங்குளம் தாண்டினதும் சூட்டு முள்ளு மேலே ஏறத் தொடங்கினது. வழக்கமாகப் பாதிக்குச் சற்றுக் கீழே நிற்கிற முள்ளு. பின்சீற்றில் கண்ணில் கட்டோடு அம்மா. அப்பா ஏசியை நிப்பாட்டினார், வேகத்தைக் குறைத்தார், ஒன்றும் சொல்லாமல் முறிகண்டிமட்டும் கொண்டுவந்து சேர்த்தார். அங்கே எல்லா வாகனமும் நிற்கும் என்பதால் அம்மாவுக்குச் சந்தேகம் வரவில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, எஞ்சின் ஆறும்வரைக்கும் முக்கால் மணித்தியாலம் இழுத்தடித்தோம். பிறகு டிக்கியில் இருந்த போத்தல் முழுக்க உள்ளே போனது.

அடுத்த நாள் கராஜில், பொனற் திறந்து ஐந்து நிமிடத்துக்குள் தீர்ப்பு வந்தது. "ஹெட் காஸ்கற் தம்பி. ஹெட்டைக் கழட்டோணும்." சொன்ன தொகையைக் கேட்டு அப்பா காரை விற்கிற கதை கதைக்கத் தொடங்கிவிட்டார். அந்த மெக்கானிக் அண்ணை பொய் சொன்னார் என்று நாங்கள் நினைக்கவில்லை. இந்த எஞ்சினின் ஹெட் அலுமினியம், கடும் சூடு ஏறினால் வளையும். அப்ப காஸ்கற் விட்டுக்கொடுக்கும். ஆனால் அது நடந்ததா இல்லையா என்று பார்க்கிறதுக்கு வழிகள் இருக்கு, அவற்றில் பல காசு கேளாதவை. அதைச் செய்யாமல் ஹெட்டைக் கழட்டுவது, காய்ச்சலுக்கு முதல் நாளே வயிற்றைக் கிழிக்கிற மாதிரி.

வீட்டு முற்றத்தில் தொடங்கினோம். எல்லாம் எஞ்சின் ஆறிய பிறகுதான். சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியில் கை வைக்கவே கூடாது: உள்ளே அழுத்தத்தில் 100 பாகைக்கு மேலேயும் கொதிக்காமல் நிற்கிற தண்ணி, மூடி திறந்த அதே கணம் கொதித்து முகத்துக்கு வரும். மூடியில் 0.9 என்று ஒரு இலக்கம் அடித்திருக்கு, பார்த்திருப்பீர்கள். அந்த அழுத்தம்மட்டும் அது விடாமல் பிடித்தால், வெறும் தண்ணிகூடக் கிட்டத்தட்ட 118 பாகையில்தான் கொதிக்கும். மூடியின் றப்பர் காய்ந்து போனால் அழுத்தம் நிற்காது. எங்கேயும் ஓட்டை இல்லாமலே தண்ணி பிளாஸ்ரிக் தாங்கியால் வழிந்து போகும். முழுச் சிஸ்டத்திலும் மிக மலிவான சாமான் இதுதான். அதனாலே ஒருத்தரும் சந்தேகிப்பதும் இல்லை. எங்கட மூடி வெடித்துக் கிடந்தது. புதுசு போட்டோம். ஆனால் தண்ணி குறைவது குறைந்ததே தவிர நிற்கவில்லை.

அடுத்தது ஹெட். எண்ணெய் ஊற்றுகிற மூடியின் அடியில் பால்கோப்பி நிறத்தில் களி இல்லை. காலமை முதல் ஸ்ராட்டில் சைலன்சரால் விடாமல் வெள்ளைப் புகை வரவில்லை. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆறிய எஞ்சினை ஸ்ராட் பண்ணிப் பார்த்தோம். காஸ்கற் போயிருந்தால் எரிகிற வாயு தண்ணிக்குள் புகுந்து விடாமல் குமிழி குமிழியாக வரும். வரவில்லை. மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தால், எஞ்சின் சூடாக முதலே கல்லு மாதிரி இறுகவும் இல்லை. இதில் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க ஏலாது, நாலும் ஒரே பக்கம் நின்றதால்தான் அப்பாவை விற்கிற கதையை நிப்பாட்டச் சொன்னோம்.

அப்ப ஒழுக்கு வெளியேதான் இருக்க வேணும். இரவு காருக்குக் கீழே பழைய பேப்பர் விரித்து வைத்தோம். காலமை ஒரே ஒரு ஈரம், இடப்பக்கம். அது ஏசித் தண்ணி, நிறமும் இல்லை மணமும் இல்லை. இதைப் பார்த்துப் பயந்து கராஜுக்குப் போறவர்கள் எத்தனை பேர்! கூலன்ட் என்றால் நிறம் இருக்கும், விரலில் வழவழப்பு இருக்கும், ஒரு இனிப்பு மணம் இருக்கும். (அந்த இனிப்புக்காக நாய் பூனை நக்கும். அது கடும் நஞ்சு. சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்.) ஆனால் எங்கட காரில் அப்ப இருந்தது கூலன்ட் இல்லை, கிணத்துத் தண்ணி. அதுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை.

ஆனால் கிணத்துத் தண்ணி வேற ஒரு தடயத்தை விட்டுப் போகும். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள் இருந்து வாறது. கேத்திலின் அடியில் படிகிற வெள்ளை என்னவோ அதுதான் றேடியேற்றருக்குள்ளும் படியுது. ஒழுகி வெளியே வந்து சூட்டில் காய்ந்தாலும் அதே வெள்ளைக் கோடு. கரையோரப் பக்கம் உவர்த் தண்ணி என்றால் இன்னும் மோசம், உப்பு அலுமினியத்தையும் இரும்பையும் தின்னும். அதாவது ஒழுக்கை ஈடுகட்ட நாங்கள் விடுகிற தண்ணியே அடுத்த ஒழுக்கை உண்டாக்குது. கூலன்ட் பனி பெய்கிற நாட்டுக்குத்தானே என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இதில்தான் இருக்கு. உறையாமல் வைத்திருப்பது அதன் வேலையில் பாதி, உள்ளே துருப்பிடிக்க விடாமல் காப்பது மற்றப் பாதி. எங்களுக்குத் தேவை அந்த மற்றப் பாதி.

பேப்பரில் ஒன்றும் விழாததுக்குக் காரணம் பிறகு விளங்கினது. சில ஒழுக்குகள் அழுத்தம் ஏறினால்தான் திறக்கும், விழுகிற துளியும் சூட்டிலேயே ஆவியாகிவிடும். இதுக்கு ஒரு கருவி இருக்கு: சைக்கிள் பம்ப் மாதிரிக் கையால் அடிக்கிறது, முனையில் றேடியேற்றர் வாயில் பூட்டுகிற மூடி, நடுவில் ஒரு மீற்றர். தெரிந்த ஒரு அண்ணையிடம் ஒரு பின்னேரத்துக்கு இரவல் வாங்கினோம். எஞ்சினை ஓட்டாமலே 0.9 வரைக்கும் அடித்துவிட்டு மீற்றரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பத்து நிமிடத்தில் 0.7. ஒருத்தர் ரோச் பிடிக்க, ஒருத்தர் அம்மாவின் கைக்கண்ணாடியை எஞ்சினுக்குப் பின்னால் விட்டுச் சரித்துச் சரித்துப் பார்க்க, அங்கே ஒரு துளி. விழவில்லை. ஊறி, தடித்து, திரும்ப ஊறிக்கொண்டு நின்றது.

ஹீற்றர் ஹோஸ்.

யப்பானில் செய்த காருக்கு ஹீற்றர் உண்டு. எஞ்சினின் சூடான தண்ணி இரண்டு ஹோஸ் வழியாக டாஷ்போட்டுக்கு உள்ளே ஒரு சின்ன றேடியேற்றருக்குப் போய் வரும். பனிக்காலத்தில் விறைக்கிறவர்களுக்காக வைத்தது. யாழ்ப்பாணத்தில் அந்தக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பின மனிதர் இருப்பாரோ தெரியாது. பாவிக்காத ஒன்று என்பதால் றேடியேற்றரின் பெரிய ஹோஸ்கள் இரண்டு தரம் மாறியும் இந்தச் சின்ன ஹோஸ்களை இருபத்தைந்து வருசத்துக்கு மேலே ஒருத்தரும் தொடவில்லை. றப்பர் மரக்கட்டை மாதிரி இறுகி, கிளிப் அதுக்குள் வெட்டி இறங்கியிருந்தது. கழட்டிப் பார்த்தால் உள்ளே இரும்புக் குழாயின் வாய் அரித்துப் பொருக்கு வெடித்திருந்தது.

இரண்டு ஹோஸையும் மாற்றினோம், ஒழுகாததையும் சேர்த்து. வயது இரண்டுக்கும் ஒன்றுதானே. குழாயின் வாயை அரத்தாளால் தேய்த்து, பொருக்கு போய் விரலுக்கு வழுக்குமட்டும் துப்புரவாக்கினோம். பொருக்கோடு புது ஹோஸைக் கொழுவினால் அது திரும்ப அந்த இடத்தாலேயே ஊறும். கிளிப்பைத் தேவைக்கு மேலே இறுக்கவும் கூடாது, பழைய ஹோஸை வெட்டினது அந்த இறுக்கம்தான். செலவு ஹெட் வேலைக்குச் சொன்ன காசில் பத்தில் ஒரு பங்கும் இல்லை.

பிறகு கழுவல். வந்த முதல் தண்ணி தேத்தண்ணி நிறம். தெளியுமட்டும் நிரப்பி, ஓட்டி, ஆறவிட்டு இறக்கினோம். கடைசியில் கூலன்ட்டும் வடித்த நீரும் பாதிக்குப் பாதி. வடித்த நீர் என்றால் பற்றரிக்கு விடுகிற அதே தண்ணிதான், கிணத்தடிப் பக்கம் போகவே இல்லை. "உதுக்கும் காசு குடுத்துத் தண்ணி வாங்குறியளோ" என்று அப்பா கேட்டார். கேத்திலின் அடியைக் காட்டினோம்.

காற்று எடுக்கிற வேலைதான் எங்களைப் படாதபாடு படுத்தினது. புதுசாக நிரப்பினால் எங்கேயோ ஒரு மூலையில் காற்றுச் சிக்கி நிற்கும், அது நின்றால் ஒழுக்கில்லாமலே கார் சுடும். அதை எடுக்க, ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்தபடியே ஸ்ராட் பண்ணி, தேர்மோஸ்டற் திறந்து குமிழிகள் நிற்குமட்டும் ஓடவிட வேணும், ஹீற்றரை முழுச்சூட்டில் வைத்து. சித்திரை மாத மத்தியானம், யாழ்ப்பாணம், காருக்குள் ஹீற்றர். மாறி மாறி ஐந்தைந்து நிமிடம் உள்ளே இருந்தோம். பக்கத்து வீட்டு அன்ரி மதிலால் எட்டிப் பார்த்து, "பிள்ளையள், ஏசி வேலை செய்யேல்லையோ" என்று கேட்டார். (தேர்மோஸ்டற்றைக் கழட்டி எறிந்துவிட்டால் இந்தச் சிரமம் இல்லை, எங்கட வெக்கைக்கு அது தேவையுமில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. கேட்காதையுங்கோ. எஞ்சின் எந்நேரமும் குளிர்ந்தபடி ஓடினால் பெற்றோலும் கூடப் போகும், தேய்மானமும் கூடும்.)

பிளாஸ்ரிக் தாங்கியில் மட்டத்துக்கு நேரே மார்க்கரால் ஒரு கோடும் திகதியும் போட்டோம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எஞ்சின் ஆறி நிற்கும்போது பார்க்கிறது. ஏழு கிழமையாகக் கோடு அப்படியே நிற்குது. இடையில் வவுனியா போய் வந்தது, முறிகண்டியில் பொனற் திறக்காமல் கச்சான் மட்டும் வாங்கினோம். ஆனால் போன ஞாயிறு ரோச் பிடித்துப் பார்க்கேக்க தண்ணிப் பம்பின் அடியில் இருக்கிற சின்னத் துளைக்குக் கீழே மெல்லிய சிவப்பு அடையாளம் ஒன்று தெரிந்தது. உள்ளே சீல் தேயத் தொடங்கினால் அது வழியாகத்தான் முதலில் கசியும், அதைக் காட்டுகிறதுக்கென்றே வைத்த துளை. கிணத்துத் தண்ணி ஓடின காலத்தில் அந்த இடம் முழுக்க வெள்ளையாக இருந்ததால் இது எப்ப தொடங்கினது என்று சொல்ல ஏலாது. பம்புக்கு விலை கேட்டு வைத்திருக்கிறோம். ஆவணிக்குள் மாற்ற வேணும், அம்மாவின் மற்றக் கண்ணுக்குத் திகதி புரட்டாதியில்.