பாலையில் பதிந்த யானைத் தடங்கள்



அபுதாபி என்றதும் நம் இல்லங்களில் நினைவுக்கு வருவன மணலும் எண்ணெயும், அங்கே உழைத்துவரும் நம் பிள்ளைகளின் முகங்களுமே. அந்த மணல்வெளியில் ஒருகாலத்தில் பேராறு ஓடியது. அதன் கரையில் யானைகள் கூட்டமாக மேய்ந்தன என்றால் வியப்படைவீர்கள்.

அபுதாபி நகரிலிருந்து மேற்கே ருவைஸ் நோக்கிச் செல்லும் நிலப்பகுதியில் ‘பைனூனா’ எனப்படும் பாறைப் படிவங்கள் உள்ளன. இவை சுமார் 70 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை. நீர்யானை, முதலை, ஆமை, ஒட்டகச்சிவிங்கி ஆகியவற்றின் எலும்புகள் இவற்றில் கிடைத்துள்ளன. நீர்யானையும் முதலையும் வாழ ஆறு வேண்டுமன்றோ?

அங்கு வாழ்ந்த யானைக்கு மேல்தாடையில் இரண்டும் கீழ்த்தாடையில் இரண்டுமாக நான்கு தந்தங்கள் இருந்தன. அது உண்டது எது? அதற்குப் பற்களே சாட்சி. கார்பன் அணுக்களில் எடை மிகுந்தவையும் குறைந்தவையும் உண்டு. மரத்தழையில் அவற்றின் விகிதம் ஒன்று; வெப்பநிலப் புல்லில் வேறொன்று. உண்ட உணவின் விகிதம் பல்லின் எனாமலில் படிந்து, காலங்கள் கடந்தும் அழியாது நிற்கிறது. பைனூனாவில் கிடைத்த தாவர உண்ணிகளின் பற்களை ஆராய்ந்தபோது, தழையும் புல்லும் கலந்த உணவு தெரியவந்தது. ஆகவே அந்நிலம் அடர்காடும் அன்று, வறண்ட பாலையும் அன்று. மரங்கள் இடையிட்ட புல்வெளி.

அப்பகுதியில் மிலைஸா என்னுமிடத்தில் யானைகளின் காலடித் தடங்களே கல்லாகிக் கிடக்கின்றன. தரையில் நின்று பார்ப்போர்க்கு அவை வெறும் குழிகள். பட்டத்தில் புகைப்படக் கருவியைக் கட்டிப் பறக்கவிட்டு, படங்களை ஒன்றிணைத்த பின்னரே முழுக்காட்சி புலப்பட்டது. 2012இல் வெளியான ஆய்வின்படி, சிறியவையும் பெரியவையுமாகக் குறைந்தது 13 யானைகள் ஒன்றாக நடந்துள்ளன. அத்தடங்களைக் குறுக்கே கடந்து, 260 மீட்டர் தூரம் தனியே செல்கிறது ஒரு பெரிய யானையின் தடம். அது வளர்ந்த ஆண் யானை என்பது ஆய்வாளர் கருத்து. தாய்மாரும் குட்டிகளும் கூடி வாழ, ஆண் பிரிந்து திரியும் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது!

வளைகுடாவில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கு மடல் எழுதும்போது இதனையும் எழுதுங்கள். பாலையில் பழைய எலும்பொன்று கண்ணில் பட்டால் பெயர்த்தெடுக்க வேண்டாமென்றும் சொல்லுங்கள். கிடந்த இடத்தை விட்டகன்ற எலும்பு, தன் சாட்சியத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும்.