பலர் கைபடும் லேத்

பொறியியல் கல்லூரியின் இயந்திரப் பட்டறையில் ஒரே லேத்தில் ஒரு வாரத்துக்குள் பல தரத்தினர் வேலை செய்கிறார்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் படிக் கடைசலும் சரிவுக் கடைசலும் பழகுகிறார். இறுதியாண்டு புராஜெக்டுக்காக ஒருவர் ஷாஃப்ட் கடைகிறார். ஆராய்ச்சி மாணவர் சோதனைக்கான மாதிரித் துண்டுகளை வெட்டி எடுக்கிறார். பாஜா, ஃபார்முலா பாரத் போன்ற போட்டிகளுக்கு வண்டி கட்டும் குழுவினர் மாலையில் வந்து சேர்கிறார்கள். தொழிற்சாலையில் ஒரு டர்னர் ஒரே லேத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்பார். ஓசை மாறினாலே காரணம் சொல்வார். அந்தப் பழக்கம் மாணவர் எவருக்கும் இங்கே வாய்ப்பதில்லை. தனக்கு முன்னால் நின்றவர் எதை எப்படி விட்டுப் போனார் என்பதும் தெரிவதில்லை. ஆகவே பொதுப் பட்டறையில் தன் உடலைக் காத்துக்கொள்வதையும் அடுத்தவரை நினைத்து நடந்துகொள்வதையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது.

இந்த ஒழுங்கைக் கட்டிக் காப்பவர்கள் பட்டறைப் பணியாளர்கள். ஐ.டி.ஐ.யில் டர்னர், ஃபிட்டர், மெஷினிஸ்ட் பிரிவுகளில் ஈராண்டுப் பயிற்சி முடித்து, அப்ரண்டிஸாக இருந்து தொழில் கற்றவர்கள் இவர்களில் பலர். மாணவர்கள் மூத்தவரை ‘சார்’ என்றும் இளையவரை ‘அண்ணா’ என்றும் கூப்பிடுவார்கள். காலையில் பட்டறையைத் திறந்ததும் இவர்களுடைய முதல் வேலை இயந்திரங்களைச் சுற்றிப் பார்ப்பது. கியர் பெட்டியில் ஆயில் மட்டம் சரியா, தண்டைப் பிடிக்கும் சக்கின் தாடைகளில் பழுது உண்டா, லீவர்கள் நியூட்ரலில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். பிறகு குறைந்த வேகத்தில் ஓடவிட்டுக் காது கொடுக்கிறார்கள்.

நான்கு தாடைச் சக்கில் ஒரு தண்டை மையம் பிடிக்கும் வேலையில் இவர்களுடைய கைத்திறனைக் கிட்டத்தில் பார்க்கலாம். தண்டு மெதுவாகச் சுழலும்போது, கையை டூல் போஸ்ட்டில் ஊன்றிக்கொண்டு, ஒரு சாக்பீஸை அதன் அருகே கொண்டுபோகிறார்கள். மையம் விலகியிருந்தால் துருத்திய பக்கத்தில் மட்டும் கோடு விழும். இயந்திரத்தை நிறுத்தி, கோட்டுக்கு எதிர்ப்பக்கத் தாடையைச் சற்றுத் தளர்த்தி, கோடு விழுந்த பக்கத் தாடையை இறுக்குகிறார்கள். சுற்றிலும் சீராகக் கோடு விழும்வரை இது தொடர்கிறது. மிச்சமிருக்கும் நுண்ணிய விலகலுக்கு டயல் கேஜ். இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. இயந்திரம் முழுதாக நின்ற பிறகே, தாடைகளைத் திருகும் சாவி சக்குக்குள் போகிறது. திருகி முடித்ததும் வெளியே வந்துவிடுகிறது. சாவி சக்கில் இருக்கும்வரை கை சாவியை விடுவதில்லை. சக்கில் மறந்துவிட்ட சாவி, மோட்டாரைப் போட்ட கணத்தில் எறிகுண்டாகப் பறந்து எதிரில் நிற்பவரின் முகத்தைத் தாக்கும். பழகிய பணியாளரிடம் தொழிலும் பாதுகாப்பும் ஒரே கையசைவாக இருக்கின்றன.

உடை பற்றிய விதிகள்தாம் மாணவர்களுக்கு அதிகம் சலிப்பூட்டுபவை. அவற்றின் காரணத்தை ஒரு சிறு கணக்கு விளக்கிவிடும். 25 மி.மீ. விட்டமுள்ள மைல்டு ஸ்டீல் தண்டை ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலால் நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டு வேகத்தில் கடைந்தால், அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 380 சுற்று சுழலும். லேத்துக்கு இது சாதாரண வேகம். அதே சுழற்சியில் 200 மி.மீ. சக்கின் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கை பின்வாங்கக் கால் நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டாலும், அதற்குள் ஒரு மீட்டர் துணியை அது இழுத்துச் சுற்றிவிடும். சிக்கிய பின் இழுத்து மீளலாம் என்ற எண்ணத்துக்கு இடமே இல்லை.

அதனால்தான் துப்பட்டா கழற்றி வைக்கப்படுகிறது. பின்னல் தொங்கவிடப்படுவதில்லை, கொண்டையாக முடித்துத் தொப்பிக்குள் செருகப்படுகிறது. முழுக்கைச் சட்டை முழங்கைக்கு மேல் மடிக்கப்படுகிறது. மோதிரம், கழுத்துச் சங்கிலி, மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு எதற்கும் விலக்கில்லை. வளாகமெங்கும் கட்டாயமாக இருக்கும் அடையாள அட்டையின் கழுத்துப்பட்டைகூடப் பட்டறை வாசலில் கழற்ற வேண்டியதே. கையுறை காப்பாற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். சுழலும் இயந்திரத்தில் கையுறைதான் விரலை உள்ளே இழுக்கும். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே, ஓடும் இயந்திரத்தைப் பரிசோதிக்கும் தொழிலாளிக்கு உடலை ஒட்டிய உடை வேண்டும் என்று சொன்னது. செருப்பு கூடாது, மூடிய ஷூ வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணிவது வேலை செய்பவருக்கு மட்டுமல்ல, அருகில் நின்று பார்ப்பவருக்கும் கட்டாயம்.

இந்த விதிகள் காகிதத்தோடு நின்றால் என்ன நேரும் என்பதற்கு 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த விபத்து சாட்சி. அங்குள்ள ஸ்டெர்லிங் வேதியியல் ஆய்வகத்தின் பட்டறையில், இறுதியாண்டு மாணவி ஒருவர் இரவில் லேத்தில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தபோது, தலைமுடி சிக்கி உயிரிழந்தார். லேத்தில் இருந்திருக்க வேண்டிய காப்பு அமைப்புகள் இல்லை என்று கூட்டாட்சித் தொழில் பாதுகாப்பு அமைப்பு பின்னர் சுட்டிக்காட்டியது. அதன் பிறகு இளநிலை மாணவர்களின் பட்டறை நேரத்தைப் பல்கலைக்கழகம் வரையறுத்தது. வேலை நடக்கும்போது கண்காணிப்பாளர் உடனிருப்பதையும் கட்டாயமாக்கியது. அந்த இரவில் பக்கத்தில் ஒருவர் இருந்து சுவிட்சை அணைத்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியாது. துணையின்றி இயந்திரத்தை ஓட்டக் கூடாது என்ற விதி, பட்டறை விதிகளிலெல்லாம் முதலில் நிற்க வேண்டியது.

மற்ற இயந்திரங்களுக்கும் அவற்றுக்கே உரிய குணம் உண்டு. டிரில்லிங் மெஷின் எளிமையாகத் தோன்றுவதால் மாணவர்கள் அசட்டையாக இருப்பது அதனிடம்தான். தகட்டைக் கையால் பிடித்துத் துளையிட்டால், டிரில் பிட் மறுபக்கம் வெளியேறும் கணத்தில் தகட்டைக் கவ்விச் சுழற்றும்; அதன் விளிம்பு கத்தியாக வெட்டும். வைஸிலோ கிளாம்ப்பிலோ இறுக்கிய பிறகே துளையிட வேண்டும். கிரைண்டரில் டூல் ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளி 3 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிடித்த பொருள் இடுக்கில் மாட்டிக் கல்லையே உடைக்கும். அலுமினியத்தைச் சாதாரணக் கல்லில் தேய்த்தால் கல்லின் துளைகள் அடைபடும், சூடேறும். கல் வெடிக்கவும் கூடும். புதுக் கல்லை மாட்டுமுன் லேசாகத் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது மங்கலாக ஒலிக்கும். லேத்தில் கடைசலின்போது வரும் இரும்புச் சுருள் சூடாகவும் கூராகவும் இருக்கும். இயந்திரத்தை நிறுத்திய பின் கொக்கியாலோ பிரஷ்ஷாலோ அதை எடுக்க வேண்டும். காற்றுக் குழாயால் ஊதினால் பொடி கண்ணுக்குள் போகும்; இயந்திரத்தின் வழுக்குப் பாதைகளுக்குள்ளும் புகுந்து அவற்றைத் தேய்த்துவிடும்.

வேலை முடிந்த பின் செய்வதில்தான் பொதுப் பட்டறையின் நாகரிகம் இருக்கிறது. லேத்தின் பெட் உளியும் சுத்தியலும் வைக்கும் மேசை அல்ல. அதில் விழும் ஒரு வடு, பின்னால் கடையப்படும் தண்டுகளின் நேர்த்தன்மையைக் கெடுக்கும். மில்லிங் மெஷினில் வைஸை டயல் கேஜ் வைத்து நேராக்க ஒருவர் அரை மணி செலவிட்டிருப்பார். கேட்காமல் அதைத் திருப்புவது அவருடைய உழைப்பை அழிப்பதாகும். மைக்ரோமீட்டரைத் துடைத்து, முகங்கள் சற்று விலகியிருக்கும்படி பெட்டிக்குள் வைக்க வேண்டும். வேகத்தைக் குறைத்து, லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மெயின் சுவிட்சை அணைத்து, சுருளைக் கூட்டி, பாதைகளுக்கு எண்ணெயிட்டால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. தரையில் சிந்திய கூலண்ட் அடுத்தவரை ஓடும் சக்கின் மேல் வழுக்கி விழச் செய்யக் கூடும். உடைந்த டேப்பை, மழுங்கிய டிரில் பிட்டைச் சத்தமில்லாமல் பெட்டியில் போட்டுவிட்டுப் போவது பெரிய குற்றம். சொல்லிவிட்டால் சில நிமிடங்களில் மாற்றலாம். மறைத்தால் அடுத்த மாணவரின் கையில் அது முறியும்.

பருவ இறுதியில் புராஜெக்ட் நெருக்கடி வரும். எல்லாரும் ஒரே வாரத்தில் லேத்துக்கு அலைமோதுவார்கள். அப்போது தூக்கமில்லாத கண்ணோடு இயந்திரத்தின் முன் நிற்பதும், வரிசையைத் தாண்டப் பேராசிரியரின் பெயரைச் சொல்வதும், பணியாளரிடமே வேலையை ஒப்படைத்துவிட்டு உணவகத்துக்குப் போவதும் நடக்கின்றன. வரைபடத்தோடு முன்கூட்டியே வந்து, ‘சார், இதை எப்படிப் பிடிக்கலாம்?’ என்று கேட்கும் மாணவருக்குப் பாதிப் பிழைகள் வரைபடத்திலேயே திருந்திவிடுகின்றன. சக்கில் பிடிக்க இடமில்லாத வடிவத்தையும், தேவைக்கு மேல் நுண்மையாகக் கேட்ட அளவையும் அனுபவமுள்ள டர்னர் பார்த்த மாத்திரத்தில் காட்டிக்கொடுப்பார்.

நிறுவனங்களின் கடமை இதில் பெரியது. எல்லா லேத்திலும் கைக்கெட்டும் இடத்தில் அவசர நிறுத்தப் பொத்தானும் சக்குக்குக் காப்பும் இருக்க வேண்டும். வயதான இயந்திரம் என்பது இதற்கு விலக்கு ஆகாது. காயம்பட்டவரையும், பொருளை உடைத்தவரையும் அஞ்சாமல் பேசவிடும் பட்டறையே தன் குறைகளைத் தெரிந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் பட்டறைப் பணியாளருக்கு எழுத்துப்பூர்வமாக இருக்க வேண்டும். எதிரில் நிற்பவர் முதலாண்டு மாணவரானாலும் துறைத் தலைவரானாலும் அவர் சொல்லே முடிவாக வேண்டும். அந்த அதிகாரத்தைத் தராத கல்லூரி, மாணவர் கையில் லேத்தை ஒப்படைக்கத் தகுதி பெறவில்லை.