பெரியப்பாவின் பின்பால் மெஷினுக்கு லைட் போட்ட கதை!

``கண்ணாடி அழுக்கா இருக்கும்மா. அதான் பந்து தெரியல.''

பெரியப்பா இப்படிச் சொன்னதும் நான் அப்படியே நம்பிவிட்டேன். துணியை எடுத்து மெஷின் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தும் கொடுத்தேன். அதன் பிறகும் அவருக்குப் பந்து தெரியவில்லை.

அக்காவுக்குக் குழந்தை பிறந்த சமயம் அது. அம்மாவுக்குத் துணையாக நானும் மூன்று வாரம் லீவு போட்டு சிகாகோ போயிருந்தேன். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் என்னால் பெரிய உபயோகம் இல்லை என்பது நாலாவது நாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்தில் நேப்பர்வில்லில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டார்கள்.

அந்த வீட்டு பேஸ்மென்ட்டில், பழைய பெட்ஷீட் போர்த்தி நின்றுகொண்டிருந்தது அந்த மெஷின். `ஃபிஷ் டேல்ஸ்.' 1992-ல் வில்லியம்ஸ் கம்பெனி வெளியிட்ட பின்பால். தலைக்கு மேல் ஒரு பெரிய மீன் பொம்மை. ஆட்டம் சூடு பிடித்தால் அது வாலை ஆட்டும். ``வீட்டுல மீன் வாங்கவே யோசிப்பாரு. இந்த மீனுக்கு மட்டும் அவ்வளவு செலவு பண்ணுவாரு'' என்பது பெரியம்மாவின் நிரந்தரப் புகார்.

பின்பால் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் இருந்த `ஸ்பேஸ் கேடட்' கேம்தான். எனக்கும் அப்படித்தான். நிஜ மெஷின் நூறு கிலோவுக்கு மேல் எடை. கண்ணாடிக்குக் கீழே சரிவான ஒரு பலகை. அதில் சுமார் 80 கிராம் எடையுள்ள ஸ்டீல் பந்து உருண்டு வரும். கீழே இருக்கும் இரண்டு ஃப்ளிப்பர்களால் அதைத் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். நடுவில் நழுவினால், அந்தப் பந்து போச்சு.

சிகாகோதான் இந்த விளையாட்டின் தலைநகரம். 1947-ல் ஃப்ளிப்பர் வைத்த முதல் மெஷினான `ஹம்ப்டி டம்ப்டி'யைத் தயாரித்த காட்லீப், அப்புறம் பேலி, வில்லியம்ஸ் எல்லாமே இந்த ஊர் கம்பெனிகள். வேடிக்கை என்னவென்றால், சூதாட்டம் என்று சொல்லி 1970-கள் வரை இதே ஊரில் பின்பாலுக்குத் தடை இருந்தது. நியூயார்க்கிலும் 1942-லிருந்து தடை. 1976-ல் ரோஜர் ஷார்ப் என்ற எழுத்தாளர் அந்த நகர கவுன்சில் குழு முன்னால் மெஷினை நிறுத்தி, பந்து எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லி, அதேபோல் அனுப்பிக் காட்டினார். `இது அதிர்ஷ்டம் இல்லை, திறமை' என்று நிரூபணம் ஆனது. தடையும் நீங்கியது.

இந்தக் கதையை எனக்குச் சொன்னதே பெரியப்பாதான். அப்படிப்பட்டவர் மெஷினுக்கு ஏன் பெட்ஷீட் போர்த்தி வைத்திருக்கிறார்?

``வித்துடலாம்னு இருக்கேன்'' என்றார். ``பழைய மெஷின்மா. லைட்டெல்லாம் மங்கிப்போச்சு.''

சரி, லைட்தானே பிரச்னை? போட்டுவிடலாமே!

யூடியூப் கொடுத்த தைரியம்

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பற்றியும் இரண்டு வீடியோ பார்த்துவிட்டால், மூன்றாவது வீடியோவை நாமே எடுக்கலாம் என்று தோன்றும். பின்பால் மெஷினுக்கென்றே `ஸ்பாட் லைட் கிட்' விற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். இரண்டு குட்டி எல்.இ.டி. விளக்குகள், அவற்றைப் பிடித்துக்கொள்ள வளைந்த தகடுகள், முனையில் முதலை வாய் மாதிரி கிளிப் வைத்த வயர்கள். அவ்வளவுதான். சால்டரிங்கூட வேண்டாம். ஆர்டர் போட்டோம். இரண்டு நாளில் வந்தது.

முதல் வேலை, பிளக்கைப் பிடுங்குவது. ஃப்ளிப்பரை இயக்கும் காயில்களில் 50 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் ஓடும். அதில் விளையாட்டு கூடாது. பிறகு, காசு போடும் கதவைத் திறந்து உள்ளே இருக்கும் நெம்புகோலைத் தள்ளினால், முன்பக்கக் கம்பி கையோடு வந்துவிடும். கண்ணாடியை மெதுவாகக் கீழ்ப்பக்கமாக உருவலாம்.

``டைல்ஸ் மேல வைக்காத! கார்ப்பெட்ல வை'' என்று பெரியப்பா கத்தினார். அது டெம்பர்டு கண்ணாடி. நடுவில் தட்டினால் தாங்கும். ஓரம் கல் தரையில் லேசாக இடித்தாலும் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடுமாம். அடுத்து, பந்துகளை எடுத்துவிட்டுத்தான் பலகையைத் தூக்க வேண்டும். மறந்தால் அவை உருண்டு எதையாவது உடைக்கும்.

பலகையைத் தூக்கியதும் எனக்குத் தலை சுற்றியது. அடிப்பக்கம் முழுக்க வயர்களும் காயில்களும் பல்புகளும்தான். `கார் இன்ஜினைப் பிரிச்சுட்டோமோ' என்று பயந்தேன்.

முதலில் செத்துப்போன பல்புகளை எல்லாம் மாற்றினோம். அதிலேயே பாதி இருட்டு போய்விட்டது. பிறகு ஃப்ளிப்பர்களுக்கு மேலே பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் முக்கோண பிளாஸ்டிக்குகளின் திருகைக் கழற்றி, தகட்டைச் செருகி, ஸ்பாட் லைட்டைப் பொருத்தினேன். ஏற்கெனவே இருந்த ஓட்டை வழியாக வயரைக் கீழே இறக்கி, பக்கத்திலிருந்த பல்பு சாக்கெட்டில் கிளிப்பை மாட்டினேன். பிளக்கைச் செருகி, ஸ்விட்சைப் போட்டேன்.

எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது.

``என்னடா இது, கல்யாண வீட்டு சீரியல் செட்டு மாதிரி!'' பெரியப்பா அன்றுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

நான் செய்த தப்பு அப்புறம்தான் புரிந்தது. இந்த மெஷின்களில் இரண்டு வகை விளக்குகள் உண்டு. ஆட்டத்துக்கு ஏற்ப கம்ப்யூட்டர் ஏற்றி அணைப்பவை ஒரு வகை. மெஷின் ஓடும்வரை பொதுவான வெளிச்சம் கொடுப்பவை இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கு 6.3 வோல்ட், தடிமனான வயர்களில் தனியாக வரும். ஸ்பாட் லைட்டை அதில்தான் மாட்ட வேண்டும். நான் முதல் வகையில் மாட்டியிருந்தேன். கம்ப்யூட்டர் கண் சிமிட்டச் சொன்னபோதெல்லாம் அது சிமிட்டியிருக்கிறது.

மல்ட்டி மீட்டர் வைத்துப் பார்த்து, கிளிப்பைச் சரியான சாக்கெட்டுக்கு மாற்றினேன். கூடுதலாக லைட் போட்டால் பழைய மெஷின் தாங்குமா என்ற கவலையும் எனக்கு இருந்தது. பழைய 44-ம் நம்பர் பல்பு ஒன்று கால் ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். ஒரு எல்.இ.டி. எடுப்பது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதனால் பயமில்லை என்றார் பெரியப்பா.

இந்த முறை நின்று எரிந்தது. ஆனால், பெரியப்பா கண்ணை இடுக்கிக்கொண்டு கையால் மறைத்தார். ``கூசுதும்மா.'' விளக்கின் முகம் ஆடுபவரைப் பார்த்து இருந்தது. அதைத் திருப்பி, ஆடுபவருக்கு முதுகு காட்டி பலகையின் நடுப்பகுதியைப் பார்க்கும்படி வைத்தேன். வெள்ளை பல்பை எடுத்துவிட்டு, இளமஞ்சள் போட்டேன்.

இப்போது நடுப்பகுதியில் தூசி இருந்தால்கூடத் தெரிந்தது. எனக்கு!

பந்து எங்கே?

பெரியப்பா ஆட ஆரம்பித்தார். முதல் பந்து நழுவியது. இரண்டாவது பந்து, நேராக இடது ஃப்ளிப்பருக்குத்தான் வந்தது. அவர் கை அசையவே இல்லை. பந்து ஃப்ளிப்பரில் `டொக்' என்று மோதிய பிறகுதான் பட்டனை அழுத்தினார்.

``பெரியப்பா, பந்து வர்றது தெரியலையா?''

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. ``சத்தம் கேட்டுத்தான்மா ஆடறேன். ஒரு வருஷமா அப்படித்தான்.''

கண்ணாடி அழுக்கு இல்லை. லைட் மங்கவில்லை. கண் மங்கியிருந்தது. யோசித்துப் பார்த்தால், எல்லாம் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது. அரோரா பாலாஜி கோயிலுக்குச் சாயங்காலம் போகலாம் என்றால், ``கூட்டமா இருக்கும், காலையில போலாம்'' என்றார். உண்மையில் அவர் இரவில் கார் ஓட்டுவதையே நிறுத்தியிருந்தார். எதிரே வரும் ஹெட்லைட் கூசுகிறதாம். அதைப் பெரியம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

``ஏன் சொல்லல?''

``சொன்னா சாவியைப் புடுங்கிடுவீங்க'' என்றார். தமாஷாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. நாற்பது வருடமாக அந்த ஊரில் எங்கே போனாலும் தானே ஓட்டிப் போனவர்.

`ஃபிஷ் டேல்ஸ்' மெஷினில் ஒரு வேடிக்கை உண்டு. பிடித்த மீனைப் பெரிதாக்கி அளந்துவிட்டால் அதற்கும் பாயின்ட் கொடுக்கும். ரொம்பவும் அளந்தால், `பொய்யன்' என்று சொல்லிவிடும். அன்று பேஸ்மென்ட்டில் நின்றபோது அதுதான் ஞாபகம் வந்தது. ஆனால், வாய் விட்டுச் சொல்லவில்லை. மாடிக்குப் போய், ``பெரியம்மா, கண் டாக்டர் நம்பர் இருக்கா?'' என்று மட்டும் கேட்டேன். பின்னாலேயே ஏறி வந்த பெரியப்பா மறுக்கவில்லை.

இரண்டு கண்ணிலும் கேட்டராக்ட். லென்ஸ் மஞ்சளித்து மங்கும்போது வெளிச்சம் குறையும். உள்ளே வரும் வெளிச்சமும் சிதறுவதால் கூசும். அவருக்கு இரண்டுமே இருந்தது. நான் ஊர் திரும்பிய பிறகு முதலில் வலது கண்ணுக்கும், சில வாரம் கழித்து இடது கண்ணுக்கும் ஆபரேஷன் நடந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேப்பரை ஜன்னலோரம் எடுத்துப் போகிறார்களா? `இந்த பல்பு சரியில்லை' என்று அடிக்கடி சொல்கிறார்களா? புது பல்பு வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. அதைப் போட்ட பிறகும் தெரியவில்லை என்றால், அடுத்துப் போக வேண்டிய இடம் எலெக்ட்ரிக்கல் கடை இல்லை.

போன மாதம் பெரியப்பா வீடியோ காலில் வந்தார். பின்னால் மீன் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. பெட்ஷீட்டைக் காணோம்.

``ஏம்மா, நீ போட்டுட்டுப் போன லைட் இருக்கே...''

``என்னாச்சு பெரியப்பா? எரியலையா?''

``ரொம்ப ஓவரா எரியுது. ஒண்ணைக் கழட்டிட்டேன்!''