மீட்டர் போர்டு யாருடையது?

தனி வீட்டில் இருந்தவரைக்கும் எனக்கு இந்தக் கேள்வி வந்ததே இல்லை. கம்பத்திலிருந்து வரும் ஒயர் ஈ.பி.யுடையது. மெயின் சுவிட்சுக்கு இந்தப் பக்கம் நம்முடையது. அவ்வளவுதான். ஃபிளாட்டுக்குக் குடிவந்த பிறகுதான் இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருப்பது தெரிந்தது. எல்லாருக்கும் பொது என்பதால் யாரும் தன்னுடையது என்று நினைக்காத இடம்.

மகனுக்கு ஒரகடத்தில் வேலை. அதனால் சுங்குவார்சத்திரத்தில் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு கட்டடத்தில் இருக்கிறோம். பெரிய ரோட்டைவிட எங்கள் மனை தாழ்வு. கீழே கார் நிறுத்தும் இடத்தின் சுவரில், முழங்கால் உயரத்தில், பன்னிரண்டு வீட்டு மீட்டர்களும் பொது மோட்டாரின் மீட்டரும் வரிசையாக இருந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது தண்ணீர் அந்த உயரத்தையும் தாண்டியது. பொது மெயின் சுவிட்சும் பஸ்பாரும் கருகின. இரண்டு மீட்டர்கள் போயின.

தண்ணீர் வடிந்ததும் லைன்மேன் வந்து பார்த்தார். “ஐயா, கட்-அவுட் வரைக்கும் எங்களுது. மீட்டரும் எங்களுது, மாத்திக் குடுத்துடுவோம். நடுவுல இருக்கற சுவிட்சு, பஸ்பாரு, பெட்டி எல்லாம் நீங்கதான் சரி பண்ணணும். அதைப் பண்ணாம கரண்டு விட்டா யாராவது செத்துப் போவாங்க” என்றார். நியாயமான பேச்சு.

ஆனால் அந்த ‘நீங்க’ யார்? மூன்றாம் மாடிக்காரர், “எங்க மீட்டர் நல்லாத்தானே இருக்கு, எங்களுக்கு மட்டும் லைன் குடுக்கச் சொல்லுங்க” என்றார். பெங்களூரில் இருக்கும் ஒரு வீட்டு ஓனர், குடியிருப்பவர்களைக் கேட்கச் சொன்னார். குடியிருந்தவர்கள் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் பையன்கள். “ஓனரைக் கேளுங்க சார்” என்றார்கள். பில்டரோ, “சாவி குடுத்து மூணு வருஷம் ஆச்சு, புயலுக்கு நான் என்ன பண்றது?” என்று போனை வைத்துவிட்டார். எங்களிடம் பதிவான சங்கம் கிடையாது, ஒரு வாட்ஸ்அப் குழுதான். அதில் நாள் முழுக்க வாக்குவாதம்.

இரண்டாம் மாடியில் ஆஸ்துமாக்கார அம்மா ஒருவர். தினம் இரண்டு வேளை நெபுலைசர் வைத்தாக வேண்டும். மூன்றாம் நாள் காலை அவருடைய மகன் அவரைக் கைத்தாங்கலாகப் படியிறக்கிக் காஞ்சிபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக்கு அழைத்துப் போனார். அதன் பிறகுதான் வாக்குவாதம் நின்றது.

ஃபைல் பார்த்தே காலம் தள்ளியவன் நான். சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். மின்சாரம் தருபவர் தன் ஒயருக்கும் கருவிக்கும் பொறுப்பு, தன் கட்டுப்பாட்டில் உள்ளதற்கு நுகர்வோர் பொறுப்பு என்பது 1956-ம் வருட இந்திய மின்சார விதிகளிலேயே இருக்கிறது. பிறகு வந்த பாதுகாப்பு விதிகளும் அதையேதான் சொல்கின்றன. 2016-ம் வருட ரியல் எஸ்டேட் சட்டமான ‘ரெரா’, கட்டடத்துக்குப் பொதுவான மின்சார அமைப்புகளையும் பொதுப் பகுதி என்கிறது. அப்படியானால் மேல் மாடிக்காரருக்கும் பெங்களூர்க்காரருக்கும் அதில் பங்கு உண்டு. பத்திரத்தில் யு.டி.எஸ். என்று பிரிக்கப்படாத பாகத்தை எழுதி வாங்கும்போது இதையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். அதே சட்டத்தின் 14-வது பிரிவு, வீட்டை ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் வேலைத்தரத்திலோ வசதிகளிலோ குறை தெரிந்து தெரிவித்தால் பில்டர் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும் என்கிறது. புயல் அவர் குற்றமல்ல. தாழ்ந்த மனையில் முழங்கால் உயரத்தில் மீட்டர் வைத்தது அவர் வேலை.

இது நம் ஊர்ச் சண்டை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்த நாட்டுச் செய்திகளைப் படிக்கும் பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை. அங்கே அடுக்குமாடிகளில் கீழிருந்து மேல்மாடி வரை ஏறும் பொது மின்பாதையை ‘கொலோன் மோந்தாந்த்’ என்பார்கள். அது பழசாகிக் கெட்டால் செலவு வீட்டுக்காரர்களுக்கா, மின் நிறுவனத்துக்கா என்று வருடக்கணக்கில் வழக்கு. 2018 நவம்பரில் ‘எலான்’ என்ற சட்டம் கொண்டுவந்து, இரண்டு வருட அவகாசத்துக்குப் பின் பழைய பாதைகளைப் பொது மின்வலையோடு சேர்த்துவிட்டார்கள். இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. நடுவில் இருப்பது நம் தலையில்தான்.

ஆகவே முதலில் பன்னிரண்டு வீடும் சமமாகப் பணம் போட்டோம். பெங்களூர்க்காரர் பங்கை ஒருவர் கைக்காசாகப் போட்டுப் பிறகு வசூலித்தார். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் ஈரம் காயவைத்து, மெகர் வைத்துச் சோதித்த பிறகே கரண்டு வந்தது. பில்டருக்குப் பன்னிரண்டு பேரும் கையெழுத்திட்டு எழுதினோம். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு போர்டை உயர்த்தும் செலவை ஏற்றுக்கொண்டார். இப்போது அது என் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. காஞ்சிபுரம் போன அம்மாவும் திரும்பி வந்துவிட்டார்.

ஃபிளாட்டில் இருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். சங்கத்தைப் பதிவு செய்து, எது வரைக்கும் ஈ.பி., எதிலிருந்து நாம், செலவு எப்படிப் பங்கு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைத்துவிடுங்கள். இருட்டில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பேசி முடிக்கிற விஷயமில்லை இது. ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு தடவை கீழே இறங்கிப் போய், உங்கள் மீட்டர் போர்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.